திருத்தமும் மூலமும்: ஆரணித் தறி வழி ஒரு விளக்கம்

கணிப்பொறி நிரல் ஒன்றைப் பலர் கூடித் திருத்துங்கால், எவர் எதனை மாற்றினார் என்பதைப் பதிந்து, முன்னை வடிவை மீட்கும் வழியையும் காப்பது பதிப்புக் கட்டுப்பாடு. 1972-இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்டு ஆக்கிய கருவி முதல் 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் வரை இப்பணிக்குக் கருவிகள் பல உள. அவற்றின் அடிப்படையை, திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியின் பட்டுத் தறியைக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

ஜக்கார்டு பொருத்திய தறியில் கோவையாகத் தொங்கும் அட்டைகளுள் ஒவ்வொன்றும், ஓர் ஊடை ஓட்டத்திற்கு எப்பாவிழைகள் உயர வேண்டும் என்பதைத் துளைகளாற் கூறும். ஆகலின் அட்டைக்கோவை வரிகளாலாய நூலை ஒக்கும். ஒருவர் 10-ஆம் அட்டைக்கு முன் 4 அட்டைகளைச் சேர்க்கிறார்; மற்றொருவர் 40-ஆம் அட்டையில் ஒரு துளையைக் கூட்டுகிறார் எனக் கொள்வோம். முன்னவர் திருத்தத்தை முதலில் ஏற்றின், பின்னவர் திருத்தம் 44-ஆம் அட்டைக்குச் செல்லுதல் வேண்டும். இவ்வாறு எண்ணை மாற்றிக்கொண்டால், எதனை முதலில் ஏற்றினும் முடிவு ஒன்றே. இத்தகைய திருத்தங்கள் இடம் மாறத்தக்கன. டேவிட் ரவுண்டி என்னும் இயற்பியலார் தம் டார்க்ஸ் கருவியை இக்கொள்கையின்மீதே எழுப்பினார்.

இடர்ப்பாடு இணைத்தலில்தான். ஒரு கோவையினின்று பிரிந்த இரு படிகளின் 40-ஆம் அட்டைகள் வேறுபடின், திருத்தப்பட்டது எது? அவ்விரண்டை மட்டும் நோக்கி அறிதல் இயலாது, மூலக்கோவை வேண்டும். மூலத்தோடு ஒத்தது திருத்தப்படாதது. இரண்டும் மூலத்தோடும் ஒவ்வாது, தம்முள்ளும் ஒவ்வாவிடின் அது முரண். தீர்ப்பது மாந்தர் பணி. ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் தாய்ச்சுவடியை நாடுவதும் இதன் பொருட்டே. அவர்க்கு அது கிட்டுதல் அரிது. கணிப்பொறியாளர் இவ்வகையில் நற்பேறுடையோர்.

எனினும், முரணின்றி இணைந்த கோவை குறையற்ற சேலையைத் தரும் என்பது பெறப்படாது. ஒரு பாவிழை 43-ஆம் அட்டையிலும் 48-ஆம் அட்டையிலும் உயர்கிறது. முன்னதை ஒருவரும் பின்னதை மற்றொருவரும் நீக்குகின்றனர். அட்டைகள் வெவ்வேறு, முரண் தோன்றாது. ஆனால் அவ்விழை பல ஓட்டங்களுக்குப் பிணிப்பின்றிப் பின்புறம் தொங்கும். முறைமை இடத்தைக் காக்குமேயன்றிப் பொருளைக் காவாது என்பது இதனாற் பெறப்படும். எக்கோவைக்கு எத்தனை கொக்கி, எவ்வளவு பாவு நெருக்கம் என்பனவற்றை ஒருசேரப் பதியும் அமைவு மேலாண்மையும் இங்ஙனமே வேண்டப்படுகிறது. கோவை மட்டும் கிடைத்தால் நெசவு நிகழாது.

மின்னணு ஜக்கார்டு வந்துள்ள இடங்களில் அட்டைக்கு மாறாகக் கோப்பே தறியை இயக்குகிறது. பழைய அட்டைக்கோவை கிழிந்தேனும் பரணிற் கிடக்கும். கோப்பின்மேல் எழுதிவிட்டாலோ முன்னை வடிவம் எஞ்சாது. ஆதலின் மூலத்தையும் ஒவ்வொரு திருத்தத்தையும் நாளிட்டுத் தனித்தனியே சேமித்தலை நெசவூர்கள் இப்பொழுதே தொடங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து.