எஞ்சினுக்கும் மூக்கடைப்பு வரும்

நம் சங்க அன்பர்களில் பலர் இன்னும் பழைய காரைத்தான் வைத்திருக்கிறார்கள். மாதக் கூட்டத்தன்று வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும்: மாருதி 800, ஜென், சாண்ட்ரோ. பெரும்பாலும் 15 ஆண்டு முடிந்து மறுபதிவு செய்யப்பட்டவை. 2022 ஏப்ரலில் காருக்கான மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்குப் பிறகு, மெக்கானிக் ஏதாவது பெரிய செலவு சொன்னால் "போதும், இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்" என்று தோன்றுவது இயல்பு. அந்த முடிவுக்கு வருமுன் அவசியம் பார்க்க வேண்டிய ஒரு சிறு உறுப்பைப் பற்றியே இக்கட்டுரை.

நான் கார் மெக்கானிக் அல்ல. தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவில் முப்பது ஆண்டு இருந்துவிட்டு, ஓய்வுக்குப்பின் இங்கே போபாலில் அக்கம்பக்கத்து வண்டிகளைப் பார்த்துக்கொடுப்பவன். இவ்வூர்ப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் தீர்ப்பு ஒன்று உண்டு: "இஞ்சன் பேக் மார் ரஹா ஹை." நம் ஊர் மெக்கானிக்குகள் "பேக் கம்ப்ரஷன்" என்பார்கள். ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரும். ஏர் ஃபில்டரில் எண்ணெய் படிந்திருக்கும். ஆயில் குறையும். உடனே, "ரிங் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்பார்கள். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இதே அறிகுறிகளைக் காட்டும் இன்னொரு கோளாறும் உண்டு.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் அறைக்குள் கசியும். புது எஞ்சினிலும் இது உண்டு. அந்த வாயுவில் நீராவி, எரியாத பெட்ரோல், அமிலத்தன்மை கொண்ட பொருள்கள் எல்லாம் இருக்கும். அது வெளியேறியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குழாயை வைத்துச் சாலையை நோக்கித் திறந்து விட்டிருந்தார்கள். கார் வெளியிடும் ஹைட்ரோகார்பன் மாசில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியாகவே வருகிறது என்று பிறகு தெரிந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தால் அவதிப்பட்ட கலிபோர்னியாவில், 1961ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பி எரிக்கும் முறை வந்தது. 1963க்குள் அமெரிக்கக் கார்கள் முழுவதிலும் பரவியது. அதன் மையம்தான் பி.சி.வி. வால்வு.

கட்டைவிரல் அளவுள்ள இந்த வால்வுக்குள் ஒரு சிறு தண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். எஞ்சினின் உறிஞ்சும் விசை கிராங்க் அறை வாயுவை இதன் வழியே இழுக்கும். ஏர் ஃபில்டர் பக்கமிருந்து இன்னொரு குழாய் வழியே சுத்தமான காற்று உள்ளே போகும். நம் மூக்கில் இரண்டு துவாரம் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். வால்வோ குழாயோ அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அது ஆயில் சீல்களையும் கேஸ்கட்டுகளையும் தள்ளிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். எண்ணெயை ஏர் ஃபில்டருக்கு ஏற்றும். வால்வு திறந்தபடியே சிக்கினால் ஐடிலிங் தடுமாறும். எண்ணெயும் உறிஞ்சப்பட்டு நீலப்புகை வரும்.

2024 டிசம்பரில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த டீச்சரம்மா ஒருவர் வந்தார். அவருடைய 2004 மாடல் மாருதி 800க்கு அப்போதுதான் பணம் கட்டி மறுபதிவு செய்திருந்தார். "சார், ரிங் மாத்தணும், 28,000 ஆகும்ங்கறாங்க. இவரை வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணுமே, வண்டி இல்லாம என்ன செய்யறது? நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றார்.

ஆஸ்பத்திரி நான்கு கிலோமீட்டர். அதைத் தவிர வண்டி எங்கும் போவதில்லை. எனக்குச் சந்தேகம் அங்கேயே தொடங்கியது. போபால் குளிரில் நான்கு கிலோமீட்டருக்குள் எஞ்சின் முழுச்சூடு அடையாது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல் எண்ணெயோடு கலந்து கூழாகிவிடும். மூடியைத் திறந்தேன், அடியில் காப்பி நிறத்தில் வெண்ணெய் போல அப்பியிருந்தது. ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் கலந்தாலும் இப்படி இருக்கும் என்பதால் முதலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தேன். அளவு குறையவில்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை.

சோதனை எளிது. எஞ்சினைச் சூடாக்கி ஐடிலிங்கில் விடுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து டாப்பட் கவருக்கு வரும் குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆயில் ஊற்றும் வாய்மேல் தினசரி காலண்டர் தாள் ஒன்றை வையுங்கள். சற்று நேரத்தில் தாள் மெல்ல உள்ளே ஒட்டிக்கொண்டால் நலம். மேலே தூக்கி எறிந்தால் அழுத்தம் இருக்கிறது. அடுத்து வால்வைக் குழாயோடு கவரிலிருந்து வெளியே எடுத்து, அதன் முனையை விரலால் மூடுங்கள். உறிஞ்சுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வால்வு, குழாய், மேனிஃபோல்டில் உள்ள துவாரம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அடைத்திருக்கிறது. வால்வின் இடம் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் வால்வுக்குப் பதில் வெறும் சிறு துவாரமே இருக்கும். வண்டியோடு தந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மா வண்டியில் தாள் பறந்தது. விரலில் உறிஞ்சலே இல்லை. குழாய் உட்புறம் ஊதி, கூழால் அடைந்து கிடந்தது. மேனிஃபோல்டு துவாரத்தில் கரி படிந்து குண்டூசி நுழையும் வழிதான் மிச்சம்.

சுத்தம் செய்யும் முறை இது. எஞ்சின் நன்றாக ஆறட்டும். குழாய்கள் எது எங்கே என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வால்வுக்குள் கார்புரேட்டர் கிளீனரை இரு பக்கமும் அடித்து ஊற விடுங்கள். கம்பி விட்டுக் குத்த வேண்டாம், உள்ளே ஸ்பிரிங் கெடும். குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் புதிதாகவே போடுங்கள். சில நூறு ரூபாய்தான். குழாய்களை மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தலாம். ஊதியதும் வெடித்ததும் உதவாது. எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயே வேண்டும், தோட்டத்துக் குழாய் வேண்டாம். மேனிஃபோல்டு கரியைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாமல் துணியால் எடுத்துவிடுங்கள். டாப்பட் கவரில் எண்ணெய் பிரிக்கும் தகடோ சல்லடையோ இருந்தால் அதையும் கழுவுங்கள். கடைசியில் எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண்.

அந்த வண்டிக்கு வால்வு, குழாய், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது ஏர் ஃபில்டர் உலர்ந்திருந்தது. சீலில் கசிவும் குறைந்திருந்தது. காலையில் கிளப்பும்போது மட்டும் லேசான நீலப்புகை இன்னும் உண்டு. இருபது வயது எஞ்சினுக்கு அதை மன்னிக்கலாம்.

இதைக் கேள்விப்பட்டு வந்த இன்னொரு நண்பரின் ஜென் வேறு கதை. அதில் வால்வும் குழாயும் சுத்தமாகவே இருந்தன. கம்ப்ரஷன் அளவு ஒரு சிலிண்டரில் மிகவும் குறைவு. அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டதும் அளவு ஏறியது. ரிங் தேய்ந்ததற்கு அது அடையாளம். "பட்டறைக்காரர் சொன்னதுதான் சரி" என்று சொல்லி அனுப்பினேன். எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளுமுன் இந்தக் கம்ப்ரஷன் சோதனையைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

ஒரு எச்சரிக்கை. சிலர் இந்தக் குழாயைக் கழற்றித் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, துவாரத்தை அடைத்துவிட்டு, "இனிமேல் தொல்லை இல்லை" என்பார்கள். எண்ணெய் ஃபில்டருக்கு ஏறாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே சேரும் ஈரமும் அமிலமும் சரியாக வெளியேறாது. நாற்றம் வண்டிக்குள் வரும். பின்னால் வருபவர் அந்தப் புகையைச் சுவாசிப்பார்.

வாரம் ஒருமுறையாவது எஞ்சினை முழுச்சூட்டில் ஓட்டுங்கள். போபால் அன்பர்களுக்கு போஜ்பூர் சிவன் கோயில் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். தரிசனமும் ஆகும், எஞ்சினின் ஈரமும் காயும். ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் அந்த வால்வை ஒரு தரம் குலுக்கிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.