‘பம்ப் போச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய டோசரில் பிளேடு தூக்கத் திணறினால் பட்டறையில் முதலில் விழும் தீர்ப்பு ‘பம்ப் போச்சு’ என்பதுதான். பி.இ.எம்.எல். டி50, டி80 போன்ற பழைய வண்டிகளை செகண்ட்ஹேண்டில் வாங்கி ஓட்டிப் பிழைப்பவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய செலவு. பல நேரங்களில் புதுப் பம்பு மாட்டிய பிறகும் பிளேடு அதே வேகத்தில்தான் ஏறும்.

காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள். பிளேடைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி, லீவரை நடுவில் விட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அடியில் யாரும் இருக்கக் கூடாது, கையோ காலோகூட. பிளேடு தானாக இறங்கினால் சிலிண்டர் சீலையோ வால்வையோ பாருங்கள். பிளேடைத் தூக்குவது பம்பின் வேலை. தூக்கியதைப் பிடித்து நிறுத்துவதில் அதற்குப் பங்கே இல்லை. அதேபோல், டில்ட் நன்றாக வேலை செய்து லிஃப்ட் மட்டும் சோர்ந்தால், இரண்டுக்கும் ஒரே பம்பு இருக்கும் வண்டியில் எடுத்தவுடன் பம்பைக் குறை சொல்ல முடியாது.

பம்பு சரளைக்கல்லை அரைப்பதுபோல் சத்தம் போட்டால் அதற்கு ஆயில் போதவில்லை. டேங்க் அடியில் உள்ள ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம். சக்‌ஷன் ஹோஸின் உள்சுவர் பெயர்ந்து வழியை மறித்திருக்கலாம். டேங்கில் நுரை பொங்கினால் எங்கோ காற்று புகுகிறது. சக்‌ஷன் பக்கத்து ஓட்டை பெரும்பாலும் வெளியே ஆயிலைக் கசியவிடாது, காற்றை உள்ளே இழுக்கும். அதனால்தான் எத்தனை முறை துடைத்துப் பார்த்தாலும் கண்ணில் படுவதில்லை. இணைப்புகளில் ஒவ்வொன்றாக கிரீஸ் அப்பிப் பாருங்கள். எங்கே அப்பியதும் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் கோளாறு.

காலையில் ஜோராக வேலை செய்து, ஆயில் சூடானதும் படுத்துவிடும் வண்டியில்தான் பம்பு தேய்மானத்தை நியாயமாகச் சந்தேகிக்கலாம். அப்போதும் டெஸ்ட் போர்ட்டில் பிரஷர் கேஜ் மாட்டி, மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிட்ட பிறகே கழற்ற விடுங்கள். ரிலீஃப் வால்வில் தூசி சிக்கினாலும் பிரஷர் ஏறாது. கேஜ் இல்லாமல் அந்த வால்வை ‘ஒரு சுத்து’ முறுக்கிவிடுபவரை வண்டிப் பக்கமே சேர்க்காதீர்கள். முறுக்கினால் அடுத்து வெடிப்பது ஹோஸ்தான்.

ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் ஆயில் புகையாகப் பீய்ச்சும். எங்கிருந்து வருகிறது என்று ஹெல்பர் பையன் விரலால் தடவுவான். அந்த ஆயில் கையுறையையும் துளைத்துத் தோலுக்குள் ஏறிவிடும். வெளியே தெரிவது கடுகளவு புள்ளி. வலியும் முதலில் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் கை வீங்கும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க நேரலாம். மஞ்சள் தடவிக்கொண்டு காத்திருக்கும் காயமில்லை இது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே ஓட வேண்டும். “ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தோடு உள்ளே ஏறிவிட்டது” என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். ஹோஸைக் கழற்றும் முன் பிளேடைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை எல்லாப் பக்கமும் ஆட்டி அழுத்தத்தை விடுங்கள். அந்தப் பையனைப் போல வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-லிருந்தே இந்தியச் சட்டம். ‘அவன் கவனக்குறைவு’ என்ற ஒற்றைப் பதிலோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிடாது.

பம்பை மாற்றியே தீர வேண்டும் என்றால் டேங்க், லைன், ஃபில்டர் எல்லாவற்றையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பழைய பம்பின் உலோகத் துகள் உள்ளே சுற்றினால் புதியதும் சீக்கிரம் போகும். ‘அழுக்கு ஆயிலால் போனது, வாரண்டி கிடையாது’ என்று கைவிரிப்பார்கள். அதனால் எடுத்த பிரஷர், மாற்றிய உதிரிபாகம், சுத்தம் செய்த விவரம், வாரண்டிக் காலம் எல்லாம் ஜி.எஸ்.டி. பில்லிலேயே ஏறட்டும். கழற்றிய பம்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்கு அதுவும் சாட்சி.

பட்டறையோடு தகராறாகி வழக்குக்குப் போக நேர்ந்தால் ஒரு தடை உண்டு: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோராக ஏற்காது. டோசர் விவகாரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது இந்த வாதத்தைத்தான். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கே வாங்கியவருக்கு அதில் விலக்கு உண்டு. லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியிருக்கிறது: வாங்கியவரே இயந்திரத்தை இயக்கிப் பிழைத்தால், துணைக்கு ஓரிருவரை வைத்திருந்தாலும் அவர் நுகர்வோர்தான். முழுக்க ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்த வழி இல்லை, சிவில் நீதிமன்றம்தான்.

முதலில் பட்டறைக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பம்பு விற்ற கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்.