இழுக்குதா, ஓடுதா?

மணலி பக்கம் விண்ணப்பம் நிரப்பித் தரும் கம்ப்யூட்டர் கடைகளில் மவுஸுக்கு இரண்டு வகை வசவு விழும். ‘இழுத்து இழுத்து வருது’ என்பது ஒன்று. ‘லேசா தொட்டா எங்கயோ ஓடுது’ என்பது இன்னொன்று. இரண்டுக்கும் கடைக்காரர் கையில் இருக்கும் வைத்தியம் ஒன்றுதான்: மவுஸைத் தூக்கி மேசையில் இரண்டு தட்டு. அதிலும் தீரவில்லையென்றால் புது மவுஸ். பல நேரம் இரண்டுமே வீண்.

கொசஸ்தலை ஆற்றுக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் இருக்கிறது சடையங்குப்பம். அந்த ஊர்க்காரர்கள் சான்றிதழோ பட்டாவோ, எதைக் கேட்பதென்றாலும் இன்று இப்படியொரு கடையில் திரைமுன் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஓடிபி காலாவதியாவதற்குள் அம்புக்குறி சரியான பெட்டியில் போய் நிற்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

முதலில் இழுப்பைப் பார்ப்போம். ஆப்டிகல் மவுஸின் வயிற்றுக்கு அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா. 1999-இல் மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்த மவுஸே மேசைப் பரப்பை விநாடிக்கு 1,500 படம் எடுத்தது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எவ்வளவு நகர்ந்தோம் என்று உள்ளேயுள்ள சில்லு கணக்குப் போடும். சாதாரண யூஎஸ்பி மவுஸ் அந்தக் கணக்கை விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒருமுறை, கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் படத்தைப் புதுப்பிப்பது சுமார் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை. ஆக, நல்ல நிலையில் இருக்கும் கம்ப்யூட்டரிலும் கொஞ்சம் தாமதம் உண்டு. நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவே.

கூடினால்தான் வம்பு. ஸ்காட் மெக்கென்சியும் காலின் வேரும் 1993-இல் இதை அளந்து பார்த்தார்கள். தாமதம் 225 மில்லி விநாடிக்குப் போனபோது, குறியை அடைய ஆகும் நேரம் 64 சதவீதமும் தவறுகள் 214 சதவீதமும் கூடின. கால் விநாடிகூட இல்லை, அதற்குள் தவறு மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. காரணம் நம் கை வேலை செய்யும் விதம். முதலில் ஒரு பெரிய வீச்சு, அப்புறம் அம்பு எங்கே நிற்கிறது என்று கண் பார்த்துச் சொல்லச் சொல்லச் சின்னச் சின்னத் திருத்தங்கள். அம்பு பிந்தி வந்தால் கண் சொல்வது பழைய சேதி. கை தாண்டிப் போகும், திரும்பும், மறுபடி தாண்டும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்கு வழி இருக்கிறது. அம்பை மட்டும் வரைந்து காட்டும் வேலையைப் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கிராஃபிக்ஸ் சில்லு தனியாகப் பார்த்துக்கொள்கிறது. அதனால் அம்பு வழுக்கிக்கொண்டு போய், பிடித்திழுக்கும் ஜன்னல் மட்டும் பின்தங்கி வந்தால் மவுஸைத் திட்டாதீர்கள், திணறுவது மென்பொருள். அம்பே விட்டு விட்டுக் குதித்தால் மவுஸையும் அதன் வழியையும் பார்க்கலாம், அல்லது மொத்தக் கம்ப்யூட்டருமே மூச்சு முட்டிக் கிடக்கலாம்.

அப்படி ஒன்றை ஒரு கடையில் பார்த்தேன். வயர்லெஸ் மவுஸ். சடையங்குப்பத்திலிருந்து வருமானச் சான்றிதழுக்கு வந்த அம்மா, “தம்பி, நீ தள்ளுறது ஒரு பக்கம், அது போறது ஒரு பக்கமா இருக்கே” என்றார். “பேட்டரி நேத்துதான் போட்டேன்க்கா” என்றான் பையன். சிபியுவின் பின்பக்கம், நகமளவு ரிசீவர் செருகியிருந்தது. அதை ஒட்டி நீல நிறத் துளையில் ஒரு ஹார்ட் டிஸ்க். குற்றவாளி அதுதான். யூஎஸ்பி 3.0 இணைப்பில் தகவல் பாயும்போது ரேடியோ இரைச்சலும் கசிகிறது, அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. வயர்லெஸ் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ரிசீவரைப் பிடுங்கி முன்பக்கத் துளையில் செருகினான், சரியாகிவிட்டது. முன்பக்கத் துளை இல்லையென்றால் ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிள் போதும்.

கண்ணாடி மேசையும் பளபளக்கும் சன்மைக்காவும் வேறு வில்லங்கம். புள்ளியோ ரேகையோ இல்லாத பரப்பில் கேமராவுக்கு ஒப்பிட எதுவும் கிடைக்காது. ஒரு வெள்ளைத் தாளை அடியில் வைத்தாலே தீரும். டிரெய்லர் லாரிகள் கிளப்பும் புழுதி லென்ஸ் குழியில் அடைந்தால், கை வைக்காதபோதும் அம்பு நடுங்கும்.

இனி ஓடுவது. இது பழுதே இல்லை, வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. வேகமாகத் தள்ளினால் அம்பு கூடுதல் தூரம் போகும், மெதுவாகத் தள்ளினால் குறைவாகப் போகும். பழைய விண்டோஸில் கை வேகம் ஓர் அளவைத் தாண்டினால் நகர்வு இரட்டிப்பாகும், அடுத்த அளவைத் தாண்டினால் நான்கு மடங்காகும். 2001-இல் வந்த எக்ஸ்பி அந்தப் படிக்கட்டைச் சீரான வளைவாக்கி, ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்று பெயர் வைத்தது. சோதிக்க விரும்பினால் மவுஸை வலப்பக்கம் விருட்டென்று தள்ளி, மெல்ல அதே இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மவுஸ் திரும்பியிருக்கும், அம்பு திரும்பியிருக்காது.

இந்தக் கணக்குக்குக் கை எப்படிப் பழகுகிறது என்பதை வடசென்னைக்காரருக்குக் கேரமை வைத்துச் சொன்னால் சட்டென்று பிடிபடும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புது வண்ணாரப்பேட்டைக்காரர். எவ்வளவு சுண்டினால் ஸ்ட்ரைக்கர் எவ்வளவு போகும் என்பது அப்படிப்பட்டவர் விரலில் கணக்காக ஊறியிருக்கும். ஆட்டத்தின் நடுவே யாராவது பவுடரைக் கொட்டினால் அந்தக் கணக்கு குலையும். புது மவுஸ் வாங்கியவர் முதல் நாள் முழுக்கத் தடுமாறுவதும் இதனால்தான்.

அம்பை ஓடவைக்கும் இந்த ஏற்பாட்டை அணைத்துவிடவா, வைத்திருக்கவா? துப்பாக்கி விளையாட்டுப் பிள்ளைகளும் டிசைன் போடுகிறவர்களும் அணைப்பார்கள், அது சரிதான். பிரின்டர், ஃபைல் கட்டு, டீ கிளாஸ் போக ஒரு சாண் இடம் மிஞ்சும் கடை மேசையில் அணைத்தால் திரையின் கோடியை எட்ட மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். அங்கே அது இருக்கட்டும் என்பது என் கட்சி. 1978-இல் ஸ்டூவர்ட் கார்டும், முதல் மவுஸைச் செய்த பில் இங்கிலிஷும், பெட்டி பர்ரும் வெளியிட்ட ஆய்வுப்படி, மவுஸின் வேகத்துக்கு எல்லை போடுவது கருவியல்ல, மனிதக் கைதான். பழகிய கணக்கை மாற்றாமல் விட்டால் கை அந்த எல்லை வரை போகும்.

காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று ஷிஃப்ட் மாறும் கடைகளில்தான் சண்டை. ஒருவர் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போவார், அடுத்தவர் வந்து குறைப்பார். இந்த அமைப்பு விண்டோஸில் ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனி. ஆளுக்கொரு லாகின் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகாது.