வீட்டிலே கல் உருட்டினோம்

‘கல்லிலே நார் உரிப்பது’ என்று ஒரு வழக்கு உண்டு. ஆகாத காரியத்தில் இறங்குகிறவனைப் பார்த்து உலகம் சொல்லுவது இது. சென்ற சில மாதங்களாக, வட சென்னை எம்.கே.பி. நகரில் மூன்றாவது மாடி வீடு ஒன்றில், நாம் ஏறக்குறைய இந்தக் காரியத்தைத்தான் செய்து வந்தோம். நார் கிடைக்கவில்லை. ஆனால் கல்லிலிருந்து ஒளி கிடைத்தது. அத்துடன், நாம் தேடிப் போகாத பழைய தமிழ்ச் சொல் ஒன்றும் கிடைத்தது.

கூழாங்கல்லை வீட்டிலேயே உருட்டி மெருகேற்றுவது மேல்நாடுகளில் பிரசித்தமான பொழுதுபோக்கு. அதற்கு வேண்டிய சாமான்கள் மிகவும் சொற்பம். மூடியுள்ள உருளை ஜாடி ஒன்று, அதைப் படுக்க வைத்து மெதுவாகச் சுழற்ற இரண்டு ரப்பர் உருளைகளும் சிறு மோட்டாரும், கல், தண்ணீர், தேய்ப்புப் பொடி, இவ்வளவே. ஆறாவது சாமான் ஒன்றும் உண்டு. அது பொறுமை. அது எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இந்த இயந்திரம் செய்கிற வேலை புதிதன்று. ஆறு ஆயிரம் ஆண்டுகளாகச் செய்வதை இது ஒரு மாதத்தில் செய்ய முயல்கிறது. திருவொற்றியூர்க் கடற்கரையில் நடந்தவர்கள், உடைந்த சீசாத் துண்டுகள் கூர் மழுங்கிக் கற்கண்டுபோல் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அலையும் மணலும் செய்த வேலை அது. ஜாடி சுழலும்போது கற்கள் ஒரு பக்கமாக மேலே ஏறி, ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக் கீழே இறங்குகின்றன. அந்தச் சறுக்கலில்தான் தேய்மானம் ஏற்படுகிறது. ஜாடி அதிக வேகமாகச் சுற்றினால் கற்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா பவனி வரும். பாதி காலியாக இருந்தாலோ, உயரத்திலிருந்து விழுந்து ஒன்றையொன்று உடைக்கும். ஆகவே முக்கால் பாகம் கல்லும், மேற்கற்கள் சற்றே தலை நீட்டும் அளவுக்குத் தண்ணீரும் இருக்கவேண்டும்.

முதல் முயற்சியில் நமக்குக் கிடைத்தது தோல்விதான். அகப்பட்ட கல்லையெல்லாம் ஜாடியில் போட்டோம். தெருக்கோடியில் கிடந்த கருங்கல் ஜல்லி, சலவைக்கல் துண்டு, கடற்கரைச் சிப்பி, மீன்தொட்டிக்காக வாங்கிய கூழாங்கல் எல்லாம் ஒரே பந்தியில் அமர்ந்தன. ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது சிப்பியைக் காணவில்லை. சலவைக்கல் சுண்டைக்காயாகச் சுருங்கிவிட்டது. ஜல்லி அம்மைத் தழும்பு விழுந்த முகத்தோடு விழித்தது. காரணம் பிற்பாடு விளங்கிற்று. கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் சலவைக்கல்லும் சிப்பியும் சுமார் 3. வெங்கச்சங்கல் என்று கிராமத்தில் சொல்கிறோமே, அந்த வெள்ளைக் கல் 7. மூன்றும் ஏழும் மோதினால் மூன்றின் கதி என்ன? கருங்கல்லிலோ கடினமும் மென்மையுமான பல கனிமங்கள் கலந்திருக்கின்றன. மென்மையானவை முதலில் தேய்ந்து பள்ளம் விழுகிறது. ஆகவே ஒத்த கடினமுள்ள கற்களையே ஒன்றாகப் போடவேண்டும் என்பது முதற்பாடம்.

இரண்டாவது பாடத்தைக் கீழ் வீட்டுப் பாட்டியம்மாள் கற்பித்தார். ஒரு நாள் காலையில் மாடியேறி வந்து, “ஏம்மா, ராத்திரி பகலா மாவு அரைச்சுக்கிட்டே இருக்கீங்களே, இட்லிக் கடை கிடை வச்சிருக்கீங்களா?” என்று நம் வீட்டு அம்மாளைக் கேட்டார். “மாவு இல்லை பாட்டி, கல்லு” என்ற பதிலைக் கேட்டு அவர் பார்த்த பார்வையை எழுத்தில் வடிக்க இயலாது. அன்றிலிருந்து இயந்திரத்துக்கு அடியில் தென்னைநார் மெத்தைத் துண்டு ஒன்று போடப்பட்டது. இரவு பத்து மணிக்கு மேல் மோட்டாருக்கும் ஓய்வு. நாட்கள் கூடின, நட்பு கெடவில்லை.

இரண்டாம் முறை, கூழாங்கற்களில் வெண்மையும் தேன் நிறமும் கொண்டவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தோம். கல் பொறுக்கப் போகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் வைக்கவேண்டும். எண்ணூரில் கடலோடு கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் ஊர் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் பூட் என்பவரும் அவருடைய தோழர் கிங்கும் அங்கே ஆதி மனிதனின் கல்லாயுதங்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று சாந்தி பப்பு முதலியோரின் ஆராய்ச்சி 2011-இல் வெளியிட்டது. அந்த ஆயுதங்களும் வெங்கச்சங்கல்லைப் போன்றே கடினமான கல்லால் ஆனவை. ஜாடிக்குள் போனால் அழகாக மெருகேறும். ஆனால் 15 லட்சம் ஆண்டுச் சரித்திரம் ஒரு மாதத்தில் சேறாகிவிடும். ஆகவே இரு பக்கமும் செதுக்கிய விளிம்புள்ள கல் எங்கே கிடந்தாலும் அதை அங்கேயே விட்டுவிடவேண்டும். பழைய இடங்களில் ஒரு சிறு கல்லையும் எடுக்கலாகாது.

இனிப் பொடியின் கதைக்கு வருவோம். தேய்ப்புப் பொடியைச் சல்லடைக் கணக்கில் நம்பரிட்டு விற்கிறார்கள். நம்பர் ஏற ஏறப் பொடி நைஸாகும். உப்புத்தாளின் பின்புறம் அச்சிட்டிருக்கும் நம்பரும் இந்த வகையைச் சேர்ந்ததே. முதல் வாரம் 80, இரண்டாம் வாரம் 220, மூன்றாம் வாரம் 600, கடைசி வாரம் மெருகுப் பொடி என்பது கிரமம். முதற்கட்டம் சரியாக முடியாவிட்டால் இன்னும் ஒரு வாரம் ஓடவேண்டும், அவசரப்பட்டால் பயனில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கல்லையும் ஜாடியையும் மூடியையும் விரல் நகத்தையும்கூட நன்றாகக் கழுவவேண்டும். முந்திய கட்டத்தின் பருமணி ஒன்று தங்கிவிட்டாலும் மெருகு முழுவதும் கீறல் விழுந்து பாழாகும்.

இந்தப் பொடி என்ன? சிலிகன் கார்பைடு. 1891-இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சேசன் என்பவர் மின்சார உலையில் இதை உண்டாக்கினார். கரியும் கொரண்டமும் சேர்ந்த பொருள் இது என்று தவறாக நினைத்து, ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். நினைப்புத் தவறானாலும் பெயர் நிலைத்துவிட்டது. சரி, கொரண்டம் என்பது எந்தப் பாஷை? அது ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன! மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிமத்தின் நிற பேதங்களோ, அந்தக் கனிமமே குருந்தம். மோஸ் அளவில் அதன் கடினம் 9. சேலம், நாமக்கல் பகுதிகளில் கிடைக்கிறது. 1798-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் சார்லஸ் கிரெவில் இந்தக் கல்லைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இவ்விதம் கடல் கடந்து போன சொல், அமெரிக்க உலையில் புது உருவம் எடுத்துத் திரும்பி வந்து, எங்கே இறங்கிற்று? நம் வீட்டுக்கு அருகிலுள்ள திருவொற்றியூரில்! 1954-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளின் கூட்டுறவோடு தோன்றிய கார்போரண்டம் யூனிவர்சல் கம்பெனியின் சாணைச் சக்கர ஆலை அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகையைக் கடந்து பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேர் அதில் தமிழ் ஒளிந்திருப்பதை அறிவார்கள்?

சொல் மட்டுமா நம்முடையது? கல்லை உருட்டி மெருகேற்றுவதும் நம் தேசத்துக்குப் புதிதன்று. குஜராத்தில் காம்பே என்னும் கம்பாத் நகரத்தில், சூதுபவள மணிகளையும் தேய்ப்புப் பொடியையும் தோல்பைக்குள் இட்டு நீர் தெளித்து, இருவர் எதிரெதிரே இருந்துகொண்டு 10 முதல் 15 நாள் வரையில் உருட்டுவார்களாம். மோட்டாருக்குப் பதில் மனிதன், அவ்வளவே வித்தியாசம். தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில், முடிந்த மணிகளோடு முடியாத மணிகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த பட்டறைகளின் சாட்சி அவை.

ஆனால் பெருமையோடு நின்றுவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவர்களாவோம். கம்பாத்தில் சாணைச் சக்கரத்தில் கல்லை உலர்வாகத் தேய்க்கும் தொழிலாளிகளின் சுவாசப்பையில் கல்தூள் படிந்து, சிலிகோஸிஸ் என்னும் தீராத வியாதி உண்டாகிறது. அயல் வீடுகளில் இருப்பவர்களையும் அது விடுவதில்லை என்பதை ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாம் கழுத்தில் அணியும் ஒரு மணிச்சரம் யாரோ ஒருவருடைய மூச்சை விலையாகக் கொண்டிருக்கலாம். ஜாடியில் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதால் தூசி எழுவதில்லை. ஆனாலும் கல்லை உலர்வாக உடைப்பதோ தேய்ப்பதோ வீட்டில் கூடாது. சேறு காய்ந்து தூளாகும் முன்பே ஈரத்துணியால் துடைத்துவிடவேண்டும். கழுவும் வேலையைப் பெரியவர்களே செய்வது நலம்.

அந்தச் சேற்றைத் தொட்டியில் ஊற்றலாகாது என்பதையும் நஷ்டப்பட்டே தெரிந்துகொண்டோம். ஒரு தடவை ஊற்றியதில் அது குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகி, பிளம்பருக்கு நாம் அழுத தொகையில் ஒரு வருஷத்துப் பொடி வாங்கியிருக்கலாம். பக்கெட்டில் தெளியவிட்டு, நீரை வடித்து, அடி வண்டலைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் சேர்ப்பதே சரி. மின்சாரச் செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். 25 வாட் மோட்டார் நாளைக்குப் பதினாறு மணி ஓடினாலும் அரை யூனிட் ஆகாது.

கடைசிக் கட்டத்துக்குரிய மெருகுப் பொடி அலுமினியம் ஆக்ஸைடு. அதாவது, வெண்மாவாகச் செய்த குருந்தமேதான்! கரடுமுரடான வேலையை வெளிநாட்டுப் பெயர் பூண்ட பொடி செய்ய, ஒளி ஏற்றும் வேலை குருந்தத்துக்கே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. அந்த வாரம் முடிந்து ஜாடியைத் திறந்தபோது வீட்டில் யாரும் பேசவில்லை. ஈரத்தில் எல்லாக் கல்லும் மின்னும். உலர்ந்த பிறகு மின்னுவதே மெருகு. குழந்தைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். கற்கள் உலர்ந்தன. ஒளி போகவில்லை.

தேன் நிறக் கல் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுக்குப் போனோம். பாட்டியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எண்ணெய் தடவியிருக்கீங்களா?” என்று சந்தேகத்தோடு கேட்டுவிட்டு, முந்தானையால் அழுத்தித் துடைத்தார். கல் இன்னும் அதிகமாக மின்னிற்று.

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு சும்மாவா சொன்னாங்க?” என்று சொல்லி, அதைச் சுவாமி படத்தின் முன் வைத்தார். பிறகு, “அடுத்த தடவை அரைக்கிறப்போ எனக்கும் ரெண்டு போட்டு வைம்மா” என்றார்.