ஐந்து போக மீதி தொண்ணூற்றைந்து

2007 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் கேட்ஸ் அறக்கட்டளையின் கணக்கைப் புரட்டிப் பார்த்தது. போலியோ, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் அது சார்ந்த ஆய்வுக்கும் அறக்கட்டளை உலகெங்கும் 21.8 கோடி டாலர் கொடுத்திருந்தது. நைஜர் டெல்டாக் குழந்தைகளுக்கும் அதில் ஊசி கிடைத்தது. அதே டெல்டாவில் இரவு பகலாக எரிவாயுவைக் கொளுத்திக் காற்றைக் கெடுத்ததில் பங்குள்ள ஷெல், எனி, எக்ஸான்மொபில் போன்ற எண்ணெய் நிறுவனங்களில் அறக்கட்டளை போட்டிருந்த முதலீடோ 42.3 கோடி டாலர். நேரடி எண்ணெய்ப் பங்குகளை விற்றுத் தீர்க்க 2019 ஆகிவிட்டது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டால் போதும். மீதி 95 சந்தையில் பெருகலாம். எங்கே, யாரால், எப்படிப் பெருகுகிறது என்று நெடுங்காலம் யாரும் கேட்கவில்லை. 1990-களில் நியூயார்க்கின் ஹெரன் அறக்கட்டளை தன்னையே கேட்டுக்கொண்டது: நாம் அறக்கட்டளையா, உபரிப் பணத்தில் கொஞ்சம் தர்மம் செய்யும் முதலீட்டு நிறுவனமா?

2017-இல் ஃபோர்டு அறக்கட்டளை தன் 1,200 கோடி டாலர் சொத்தில் 100 கோடி வரை, பத்தாண்டுகளில், சமூகப் பயனுள்ள முதலீடுகளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. அமெரிக்காவில் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகள், வளரும் நாடுகளில் ஏழைகளுக்கான நிதிச் சேவை. கூடவே நல்ல லாபமும் வர வேண்டும் என்றது. பெரிதாகப் பேசப்பட்ட அறிவிப்பு அது. எனக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். நல்ல லாபம் வருமிடத்துக்கு வங்கிக்காரரே வந்துவிடுவார், அறக்கட்டளை எதற்கு?

ஃபோர்டின் பழைய வழியே மேல். திரும்பி வரும் என்ற நம்பிக்கையில், நட்டம் வந்தாலும் தாங்கிக்கொள்ளும் மனத்தோடு, குறைந்த வட்டிக் கடனும் ஜாமீனும் கொடுக்கும் முறையை அது 1968-இலேயே தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் முகமது யூனுஸ் நிலமற்ற ஏழைகளுக்கான சிறுகடனை விரிவாக்க முனைந்தபோது வங்கிகள் தயங்கின. ஃபோர்டு 8 லட்சம் டாலரை ஜாமீன் நிதியாக நிறுத்தியது. அதிலிருந்து ஒரு காசுகூட எடுக்க நேரவில்லை என்று யூனுஸ் பிறகு எழுதினார். பணம் செலவாகவே இல்லை, வங்கிகளின் பயம் மட்டும் தணிந்தது.

கேட்ஸ் அறக்கட்டளையும் பின்னர் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது. கையில் பொருத்தும் கருத்தடைச் சாதனமான ஜாடெல் ஏழை நாடுகளுக்கு 18 டாலருக்கு விற்றது. இத்தனை எண்ணிக்கை விற்காவிட்டால் நாங்கள் ஈடுகட்டுகிறோம் என்று அறக்கட்டளையும் அதன் கூட்டாளிகளும் 2012-இல் பேயர் நிறுவனத்துக்கு உறுதி கொடுத்தார்கள். விலை 8.50 டாலருக்கு இறங்கியது.

மூலதனத்தைப் பூட்டி வைக்காமல் ஊரில் உலவ விடுவது நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்த காசை ஊர்ச் சபைகளிடம் கடனாக விட்டு, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி வாங்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. பன்னிரண்டரை விழுக்காடு. சபைகளுக்கு அது சுமையா சலுகையா என்பது வேறு விவாதம். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, அதை வளர்க்கும் இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை இடையரிடமே இருந்தது.

இன்றைய இந்திய டிரஸ்டுகளுக்கு அவ்வளவு சுதந்திரம் இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 11(5) பிரிவு, பணத்தை எங்கெங்கே போடலாம் என்று பட்டியலிட்டது: அஞ்சலகச் சேமிப்பு, அரசுப் பத்திரம், வங்கி வைப்பு, அசையாச் சொத்து என்று. சிறு தனியார் நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கப் பொதுவாக அதில் வழியில்லை. நன்கொடைப் பணத்தைக் குடும்பத் தொழிலுக்குத் திருப்பிவிட்ட சாமர்த்தியசாலிகளைப் பார்த்துப் போட்ட வேலி அது, குறை சொல்ல முடியாது. ஆனால் வேலிக்குள்ளேயே இடமிருக்கிறது. வணிக வளாகம் கட்டிக் கடைவாடகை வாங்கும் டிரஸ்ட், அதே பணத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு விடுதி கட்டி, சற்றே குறைந்த வாடகையோடு நின்றுகொண்டால், அந்தப் பட்டியல் குறுக்கே வராது. குறையும் வாடகைக்குச் சம்மதிக்க வேண்டியவர்கள் டிரஸ்டிகள்தான்.