பத்து ஏக்கர் மணல்

கைகொடுத்தவர்கள் – 9

சென்ற வாரம் தேவி பிரசாத் ராய் சௌத்ரியோடு நிறுத்தியிருந்தோம். மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்தவர். சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். 1957-ல் அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் அந்தப் பள்ளியில் சேர்ந்ததே 25 வயதில்தான். 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். பதின்வயதிலேயே கண்காட்சியில் படம் வைத்தவர், குடும்பத்துக்காகத் தந்தி அலுவலகத்தில் உட்கார்ந்தார். காப்பீட்டு முகவராக அலைந்தார். சம்பளம் சோறு போடும், ஆனால் படம் வரையவேண்டிய வருடங்களைத் தின்றுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதனால்தான், தேறி வெளியே போன பையன்கள் என்ன ஆகிறார்கள் என்ற கேள்வி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைய சென்னையில் ஓவியம் வாங்க ஆள் இல்லை. நல்ல கை உள்ளவர்கள் ஏதோ ஒரு வேலைக்குப் போய், மெல்ல மெல்ல வரைவதையே விட்டுவிட்டார்கள். சான்றிதழ் வாங்கிய மறுநாள் காலையில்தான் இளம் கலைஞனுக்கு ஆசிரியர் மிகவும் தேவைப்படுகிறார். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த வேளையில் அவன் பக்கத்தில் இருப்பதில்லை. பணிக்கர் இருந்தார்.

அவர் கண்ட வழி பாட்டிக். துணியில் மெழுகு தீட்டி, சாயத்தில் முக்கி, மெழுகை நீக்கினால் கோலம் எழும். ஓவியம் படித்த கைக்கு அது பிடிபட நாளாகாது; படம் வாங்காதவர்களும் துணி வாங்குவார்கள். கொஞ்ச நேரம் கைத்தொழில், மீதி நேரம் சொந்த ஓவியம். விற்பனைக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். சேர்ந்த பணத்தில் இஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் மணல்வெளி வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஏறக்குறைய முப்பது பேர். தொடக்கத்தில் கூரைக் குடிசைகள்.

பணிக்கரும் அவர்களோடு அங்கேயே வாழ்ந்தார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஐம்பதைத் தாண்டிய வயதில் அவர் தன் பழைய பாணியை விட்டு, எழுத்துபோலவும் ஜாதகக் கட்டம்போலவும் தோன்றும் குறிகளால் புதிய ஓவியங்களைத் தொடங்கியிருந்தார். ஆசிரியரே மறுபடி மாணவராக நிற்பதை இளைஞர்கள் தினமும் பார்த்தார்கள். யாரும் அவரைப்போல வரையவும் இல்லை. ஹரிதாசன் தாந்திரிக வடிவங்களுக்குப் போனார். ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டிச் சிற்பமாக்கினார். பணிக்கரின் மகன் நந்தகோபாலும் உலோகத்தில் தன் வழியைக் கண்டார். பாரிஸுக்குப் போய்விட்ட விஸ்வநாதனும் இந்த மணலில் கால் பதித்தவர்தான்.

ராமானுஜத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. பேச்சும் பழக்கமும் எளிதில் வராத பிள்ளை. தாளில் மட்டும் மாளிகைகளும் விசித்திர மிருகங்களும் பெருகின. மற்றவர்கள் புரியாமல் விலகியபோதும் பணிக்கர் அந்தக் கோடுகளின் அருமையைக் கண்டு, அவரை அரவணைத்துக்கொண்டார். ஆனாலும் 1973-ல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, ராமானுஜம் தன் உயிரை முடித்துக்கொண்டார். கூரையும் சோறும் நல்ல ஆசிரியரும் இருந்தும் காக்க முடியாத தனிமை உண்டு. இந்தத் தொடரில் எழுதவே கனத்த வரிகள் இவை.

பணிக்கர் 1977-ல் மறைந்தார். கிராமம் இருக்கிறது. வீடுகளோடு அருங்காட்சியகமும், ஓவியங்கள் விற்கும் கூடமும் இருக்கின்றன. மாமல்லபுரம் போகும் வழியில் இஞ்சம்பாக்கத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். பெயர் தெரியாத ஓர் இளம் ஓவியரின் படத்தின் முன்னால் நின்று விலை கேளுங்கள். கைக்கு எட்டினால் வாங்கிக்கொண்டு போங்கள்.

(தொடரும்)