ஏழு எழுத்துகளும் ஒரு பலகையும்

ஆங்கில வழியில் பயிலும் பேரக்குழந்தைகள் ஸ்கிராபிள் பலகையை விரித்ததும், தமிழ் வழியில் பயின்ற மூத்தோர் பலர் மெல்ல எழுந்து அகன்றுவிடுவதைக் காண்கிறோம். ஆங்கிலப் புலமை உடையோர்க்கே உரிய ஆட்டம் இது என்பது அவர்தம் எண்ணம். நியூசிலாந்து நாட்டவரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழியில் உரையாடத் தெரியாமலேயே 2015-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சொற்களின் பொருளை விட்டுவிட்டு, எழுத்துகள் அமையும் வரிசையை மட்டும் அவர் மனத்தில் பதித்திருந்தார். பேரனுடன் ஆட நமக்கு அத்துணை உழைப்புத் தேவையில்லை. எனினும் வழி அதுவே.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ் வகுத்த ஆட்டம் இது. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள்களில் எண்ணிப் பார்த்தே அவர் வில்லைகளைப் பங்கிட்டார். மொத்தம் உள்ள 100 வில்லைகளில் ‘இ’ மட்டும் 12. ‘எஸ்’ 4. ‘க்யூ’வும் ‘இசட்’டும் ஒவ்வொன்றே, மதிப்பு 10 புள்ளி. எவ்வெழுத்தாகவும் கொள்ளத்தக்க வெற்று வில்லைகள் இரண்டு.

முதலில் கற்கவேண்டியவை ஈரெழுத்துச் சொற்கள். காலின்ஸ் சொற்பட்டியலில் இவை நூற்றுக்குச் சற்று மேல். நாளொன்றுக்கு ஐந்தெனக் கற்றால் ஒரு திங்களில் முடிந்துவிடும். ‘க்யூ’வுடன் ‘ஐ’ சேர்ந்தால் சீனர் கூறும் உயிராற்றல். ‘இசட்’டுடன் ‘ஓ’ சேர்ந்தால் இமயப் பகுதியின் கலப்பினக் கால்நடை. ‘இசட்’டுடன் ‘ஏ’ சேர்ந்தால் பீட்சாவின் சுருக்கம். மூன்று மடங்கு எழுத்துக் கட்டத்தில் ‘இசட்’டை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் ‘ஏ’ அமையுமாறு செய்தால் திசைக்கு 31 வீதம் 62 புள்ளி. நீண்ட சொல்லைத் தேடி நெற்றியைச் சுருக்குவோர் பலர் இதனைக் கவனிப்பதே இல்லை.

நம் நாட்டுச் சொற்களும் கைகொடுக்கும். லட்சம், கோடி, அணா, பைசா, இட்லி, தோசை ஆகியவற்றின் ஆங்கில வடிவங்கள் யாவும் செல்லும். கட்டுமரமும் உண்டு. பழைய சிறுநாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல் நம் காசிலிருந்து சென்றது. பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ வேறு, அது பிரெஞ்சு வழி வந்தது.

அடுத்தது கையிருப்பு. புள்ளியைக் கண்டவுடன் ஏழு எழுத்துகளில் நல்லவற்றையெல்லாம் செலவிட்டுவிட்டு, மூன்று ‘ஐ’களுடன் அமர்ந்திருப்பவரை எங்கும் காணலாம். வைக்கும் சொல்லைப் போலவே தாங்கியில் எஞ்சும் எழுத்துகளும் முக்கியம். உயிரும் மெய்யும் ஏறத்தாழச் சமமாக இருக்கட்டும். பத்துப் புள்ளியேனும் கூடுதலாக ஈட்டித் தராதவிடத்து ‘எஸ்’ஸைச் செலவிடலாகாது என்பது நம் கருத்து, வெற்று வில்லையை அதனினும் இறுக்கிப் பிடிக்கவேண்டும். காரணம், ஏழு வில்லைகளையும் ஒருசேர வைத்தால் கிடைக்கும் 50 புள்ளி ஊக்கத்தொகை. ஆர், இ, டி, ஏ, ஐ, என் ஆகிய ஆறும் கையிலிருந்தால், ‘ஜி’ வந்தால் கருங்கல்லைக் குறிக்கும் ‘கிரானைட்’ ஆகும். ‘டி’க்கு இணையான மெல்லோசை எழுத்து வந்தால் ‘டிரெயின்ட்’ ஆகும். எழுத்துகள் அறவே ஒவ்வாதபோது, பையில் ஏழு வில்லைகளேனும் இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். ஒரு முறை வாய்ப்பை இழப்பது, நான்கு முறை அல்லலுறுவதிலும் மேல்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ‘க்யூ’ யாரிடம் உள்ளது என்று கணக்கிடுங்கள். ஒருவர் தம் வில்லைகளை முடித்துவிட்டால், மற்றவரிடம் எஞ்சியவற்றின் மதிப்பு இவருக்குக் கூடும், அவருக்குக் குறையும். ‘க்யூ’ ஒன்று தேங்கினாலே 20 புள்ளி வேறுபாடு. ஆகவே அதனை வைப்பதற்குரிய ‘ஐ’ ஒன்றைப் பை வெறுமையாகும் முன்பே ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள்.